தீவாந்தரம் நீங்கிய நாள்

நஃபீஸா கயிற்றின் ஒரு முனையைத் தந்தையின் குதிகாலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் தலை வரைக்கும் இழுத்தாள். கயிறு நெற்றியில் வழுக்கியது. மறுபடி இழுத்தாள். இம்முறை உச்சந்தலையில் நின்றது. அங்கே ஒரு முடிச்சுப் போட்டு, அதற்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டினாள்.

"சரியா பாத்தியா?" வாசலில் நின்ற கதீபு ஸித்தீக் கேட்டார். தொன்ஹுரா தீவின் நிர்வாகம் முழுக்க அவர் கையில். யார் இறந்தாலும் குழி வெட்ட ஆள் சேர்ப்பதும் அவர்தான்.

"ரெண்டு தடவ பாத்தேன் மாமா."

"உசரமான ஆளு. போன வருஷம் ஹம்தூனுக்கு அளவு பாக்காம வெட்டிட்டு, அவன் பொண்டாட்டிகிட்ட நாங்க வாங்குன திட்டு இருக்கே..." கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். ஆனால் போகவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தூங்குற மாதிரி இருக்காருன்னு சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தெரியல. யாரையோ திருத்தப் போற மாதிரி இருக்காரு."

உண்மைதான். இத்ரீஸ் மணிக்குவின் ஒரு புருவம் சற்றே உயர்ந்திருந்தது.

விடிகாலை சுபுஹு பாங்குக்குச் சற்று முன்பு அவர் உயிர் போயிற்று. நஃபீஸா தீவின் சுகாதாரப் பணியாளர். இரண்டு நாளாக அவருடைய நாடியை எண்ணி ஒரு நோட்டில் எழுதிவந்தாள். ஐந்து பத்துக்கு நாற்பத்திரண்டு. அதன் கீழே ஒன்றுமில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அவர் வாயை மூடி, தாடையைத் துணியால் கட்டினாள். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து போய்க் கதீபுவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

எட்டு மணிக்கு ரேடியோவில் சொன்னார்கள். அவள் அப்போது அடுப்படியில் இருந்தாள். இரண்டு முறை அமைச்சர், மூன்று நாடுகளில் தூதர், பதினான்கு நூல்களின் ஆசிரியர் என்று வாசித்துக்கொண்டே வந்த குரல், "தம் வாழ்வின் ஆறு ஆண்டுகளைத் தொன்ஹுரா மக்களின் கல்விக்காக அர்ப்பணித்தவர்" என்றது.

வேறு எந்த நாளாக இருந்தாலும் உள்ளறையிலிருந்து அவள் தந்தையின் சத்தம் வந்திருக்கும். செய்தி வாசிப்பவர்களை அவர் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்த சாச்சியின் கை நின்றது. ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பெண்களின் கையும் நின்றது. எல்லாரும் அந்த அறைப் பக்கம் பார்த்தார்கள்.

பிறகு சாச்சி மறுபடியும் துருவத் தொடங்கினாள்.

"அர்ப்பணிச்சாராம்," என்றாள், தேங்காய் மூடியைப் பார்த்து. அவள் நஃபீஸாவின் அம்மாவின் தங்கை. "கையில விலங்கு மாட்டி எறக்குனது எங்கண்ணாலயே பாத்தேன். கல்விக்கு வந்தவரு விலங்கோடதான் வருவாரா?"

முப்பத்தாறு வருடம் முன்பு நடந்தது அது. தலைநகர் மாலேயில் அரசாங்கம் செய்த ஏதோ ஒன்றைக் கண்டித்து இத்ரீஸ் மணிக்கு ஒரு கட்டுரை எழுதினார். அந்த வாரமே அவரைத் தோணியில் ஏற்றி இங்கே அனுப்பினார்கள். இப்படித் தண்டனையாகத் தீவாந்தரம் வந்தவனை ஊர் கூட்டிக் கரையில் வெறுங்காலோடு நிறுத்தி ஆணையைப் படிப்பார்கள். படித்து முடித்ததும் "கேட்டீரா?" என்பார்கள். அவன் "கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். தண்டனை முடிந்தால் விடுதலையையும் அதே கரையில் அதே மாதிரி படிக்க வேண்டும். படிக்கும்வரை அவன் தீவாந்தரக்காரன்தான். தோணியில் கால் வைக்கக் கூடாது. அன்றைக்கு அந்த ஆணையைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டவர் ஸித்தீக். அப்போது அவருக்கு இருபத்து நாலு வயது, அலுவலகத்தில் குமாஸ்தா.

ஆறு வருடத்தில் இத்ரீஸ் மணிக்கு இங்கே பள்ளிக்கூடம் தொடங்கினார்; மாவுச் சாக்குக் காகிதத்தில் குழந்தைகளுக்கு மீன்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்; ஆசியா என்ற ஊர்ப்பெண்ணைக் கல்யாணம் செய்தார்; நஃபீஸா பிறந்தாள். பிறகு மாலேயில் ஆட்சி மாறியது. ஒருநாள் காலையில் ஒரு விசைப்படகு வந்தது. அதில் வந்தது விடுதலைக் கடிதம் இல்லை, அமைச்சராகச் சொல்லி வந்த நியமனக் கடிதம். ஊரே கரைக்கு ஓடியது. யாரோ போட்டுக்கொள்ள ஒரு கோட்டு கொடுத்தார்கள், யாரோ கூடையில் மாசிக் கருவாடு கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் விடுதலையைப் படிக்க வேண்டும் என்பது அன்றைய கதீபுவுக்கும் தோன்றவில்லை, குமாஸ்தா ஸித்தீக்குக்கும் தோன்றவில்லை, படகில் வந்தவர்களுக்கும் தோன்றவில்லை.

அமைச்சராக இருந்த காலத்தில் அவர் அதைக் கேட்கவே இல்லை. தனக்குத் தானே விடுதலை எழுதிக்கொள்வது அழகில்லை என்பார். அறுபத்தொரு வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆசியாவோடு இங்கே திரும்பிய பிறகுதான் கேட்கத் தொடங்கினார். வருடத்துக்கு ஒரு கடிதம். பதினொரு கடிதம். வந்த பதில் ஒன்றே ஒன்று: அப்படி ஓர் ஆணை பதிவில் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று தீவு அலுவலகத்துக்குப் போய், பழைய பதிவேட்டை எடுக்கச் சொல்லி, தீவாந்தரக்காரர்கள் போடும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். வழியில் ஆட்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நஃபீஸாவுக்குத்தான் சிரிப்பு வராது.

"விடுங்க பப்பா," என்று ஒருமுறை சொன்னாள். "அமைச்சரா இருந்தவரு மாசாமாசம் போய்க் கைதி மாதிரி கையெழுத்துப் போடறது நல்லாவா இருக்கு?"

"அமைச்சர் பதவி அவங்க குடுத்தது. இது நான் சம்பாதிச்சது." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆறு வருஷம் என்னை ஒளிச்சு வச்சாங்க. அது போவட்டும். இப்போ அந்த ஆறு வருஷத்தையே ஒளிக்கறாங்க பாரு."

அவர் யாரிடமும் வேறு எதுவும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

*

படகின் சத்தம் பத்தரைக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முற்றத்து வெள்ளை மணலில் ஐந்து பேர் வந்து நின்றார்கள். இரண்டு பேர் சீருடையில். இரண்டு பேர் பச்சைத் துணி போர்த்திய பெட்டியைத் தூக்கி வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கறுப்புக் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஷூவைக் கையில் வைத்திருந்தார். மடித்த தேசியக் கொடியை மறுகையில் மார்போடு அணைத்திருந்தார்.

"நான் ஷுஜாவு. மாலேலேருந்து வரேன்," என்றார் மெல்ல. "அல்லாஹ் அவங்களுக்குச் சொர்க்கத்தைக் கொடுக்கட்டும். அரசு மரியாதையோட அடக்கம் பண்றதா முடிவாயிருக்கு. பெரிய பள்ளிவாசல் வளாகத்திலேயே இடம் ஒதுக்கியாச்சு. சாயங்காலம் அஸருக்குத் தொழுகை. எல்லாப் பெரியவங்களும் வராங்க. துப்பாக்கி மரியாதையும் உண்டு."

நஃபீஸா தலையை ஆட்டினாள். அது சம்மதமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த வளாகத்தில் மன்னர்கள் கிடக்கிறார்கள். அங்கே பப்பாவின் பெயர் கல்லில் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து காட்டுவார்கள். நெஞ்சு ஒரு கணம் விம்மியது. அடுத்த கணம், ஆறு வருடம் முன்பு இங்கே பள்ளிவாசலுக்குப் பின்னால் அடக்கம் செய்த அம்மாவின் நினைவு வந்தது. அம்மாவின் தலைமாட்டு மீஸான் கல்லுக்குப் பக்கத்தில் இந்நேரம் நாலு பேர் மண்வெட்டியோடு நிற்பார்கள்.

"சின்ன வயசுல அவங்க எழுதுன மீன் புத்தகத்தை வச்சுத்தான் நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன்," என்றார் ஷுஜாவு. "இன்னும் மனப்பாடமா இருக்கு எனக்கு."

"இன்னும் குளிப்பாட்டவே இல்ல. அதுக்குள்ள பொட்டியோட வந்துட்டீங்க," என்றாள் சாச்சி அடுப்படியிலிருந்து.

"மன்னிக்கணும். தண்ணி வத்திக்கிட்டிருக்கு. பன்னெண்டுக்கு மேல பவளப்பாரைத் தாண்ட முடியாதுன்னு படகுக்காரர் சொல்றாரு."

நஃபீஸா பேச வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. மேடையில் ஏறியவள் இல்லை அவள். ஊசி போடும்போதுகூடப் பிள்ளைகளிடம் கையால்தான் பேசுவாள்.

கதீபு ஸித்தீக் வந்தார். முழங்கைவரை மண். பெட்டியைப் பார்த்தார், சீருடைகளைப் பார்த்தார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"மாலேக்கு."

"லெட்டர் இருக்கா?"

ஷுஜாவு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கதீபு கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, நிதானமாகப் படித்தார்.

"இது படகுக்கு டீசல் போடச் சொல்லி எழுதியிருக்கு."

"வேற என்ன லெட்டர் வேணும்?"

"விடுதலை ஆணை. இவரு தீவாந்தரக்காரரு. அது இல்லாம இந்தக் கரையத் தாண்ட விட்டா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

ஷுஜாவு சிரிக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"கதீபு, அவங்க இறந்துட்டாங்க."

"தெரியும். குழி நான்தான் வெட்டறேன். செத்தா தண்டனை முடியும்னு அந்த ஆணையில இல்ல. 'மறு ஆணை வரும்வரை'ன்னு இருக்கு. நானே எழுதுனது, எனக்குத் தெரியாதா?"

விளையாடுகிறாரோ என்று நஃபீஸா அவர் முகத்தைப் பார்த்தாள். பப்பாவோடு சேர்ந்து மாதாமாதம் அந்தப் பதிவேட்டை வைத்துச் சிரித்த அதே முகம்தான். இப்போது அதில் சிரிப்பின் சாயலே இல்லை.

"ஆபீஸ்ல ரேடியோ செட் இருக்கு. மாலேல கேளுங்க," என்றார் கதீபு. பிறகு அவளிடம், "நீயும் வா. வீட்டாள் ஒருத்தர் சாட்சி வேணும். ஆம்பளைங்க குளிப்பாட்டட்டும்."

*

தீவு அலுவலகம் ஓர் அறை. மேசை, ரேடியோ செட், இரும்பு அலமாரி. ஷுஜாவு செட்டின் முன் உட்கார்ந்து, ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு, முணுமுணுப்பாகப் பேசினார்.

"சத்தமா பேசுங்க, ஒண்ணும் கேக்கல. ஓவர்," என்றது மாலேயிலிருந்து ஒரு குரல்.

"விடுதலை ஆணை கேக்கறாங்க சார். ஓவர்."

"யாருக்கு?"

"இத்ரீஸ் மணிக்கு அவங்களுக்கு."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது.

"என்ன பேச்சு இது? அவரு அங்க சேவைக்குப் போனவரு. அப்படி ஒரு தண்டனையே நம்ம பதிவுல கிடையாது. ஓவர்."

கதீபு இரும்பு அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்து வந்தார். பூச்சி அரித்த அட்டை. பக்கத்தைத் தேடவில்லை, தானாகவே அந்த இடத்தில் திறந்தது. ஒலிவாங்கியை ஷுஜாவு கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எங்க பதிவுல இருக்கு சார். படிக்கறேன். ஆணை எண் எழுபத்து மூணு. 'அரசைக் குறைகூறிக் கட்டுரை எழுதிய குற்றத்துக்காக இத்ரீஸ் மணிக்கு என்பவர் தொன்ஹுரா தீவுக்கு அனுப்பப்படுகிறார். மறு ஆணை வரும்வரை...'"

"கதீபு, கொஞ்சம் மெதுவா," என்று செட்டில் இன்னொரு குரல் நுழைந்தது. "இது வடக்குத் தீவு. இங்க எழுதிக்கறாங்க. ஓவர்."

"யாருய்யா நடுவுல?" என்றது மாலே.

"மன்னிச்சுக்கங்க சார். ஓவர்."

"நாங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்," என்றது மூன்றாவது ஒரு குரல், பெண் குரல். "இத்ரீஸ் மணிக்கு எங்க ஊர்லயும் பள்ளிக்கூடம் கட்டுனாரு. தீவாந்தரம்னு எங்களுக்கு ஏன் யாரும் சொல்லல? ஓவர்."

"வேற சேனலுக்கு மாறுங்க தொன்ஹுரா!"

"எங்க செட்ல இது ஒண்ணுதான் வேலை செய்யுது சார். போன வருஷமே எழுதிப் போட்டோம்," என்றார் கதீபு. "ஆணையில முத்திரையும் இருக்கு. அது கீழ மாசாமாசம் அவரு போட்ட கையெழுத்து இருக்கு. கடைசியா இந்த மாசம் ஒண்ணாந்தேதி. எல்லாத்தையும் படிக்கவா? ஓவர்."

"வேண்டாம்." இரைச்சல். "அரைமணி பொறுங்க."

நஃபீஸா வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். ஷுஜாவும் வந்தார். தள்ளி நின்றார். ஈரப்பலா மரத்து நிழல் அவர் நனைந்த கால்சட்டைமேல் ஆடியது. காய் ஒன்று சற்றுத் தூரத்தில் விழுந்து உடைந்தது.

"நீங்களாவது கதீபுகிட்ட சொல்லலாமே," என்றார்.

"பதினொரு லெட்டர் எழுதுனாரு பப்பா."

"தெரியும்." கையிலிருந்த கொடியின் மடிப்பைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது அது. "கடைசி மூணும் என் மேசைக்குத்தான் வந்துச்சு. பதிவில் இல்லைன்னு பதில் எழுதுனது நான்தான். எழுதச் சொன்னாங்க."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"'ஒரு பிழை இல்லாம எழுதியிருக்கான், விஷயத்தைத் தவிர'ன்னு பப்பா அதைப் படிச்சுட்டுச் சொன்னாரு," என்றாள்.

ஷுஜாவு கொடியை மறுகைக்கு மாற்றினார். காது சிவந்திருந்தது.

ஆணை வராவிட்டால் பப்பா இங்கேயே, அம்மா பக்கத்தில் இருப்பார். ஆனால் பதினொரு முறை கேட்டது கிடைக்காமல் மண்ணுக்குப் போவார். வந்துவிட்டால் கேட்டது கிடைக்கும். பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விடுவார்கள். எதற்காகத் துஆ கேட்பது என்று தெரியாமல் அவள் உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்திருந்தாள்.

செட் மறுபடி கரகரத்தது. இம்முறை குரல் வேறு. வயதான, நிதானமான குரல். எழுதிக்கொள்ளச் சொன்னது.

"நான் எழுதறேன்," என்று ஷுஜாவு பேனாவை எடுத்தார்.

"நகருங்க," என்றார் கதீபு. "ஆரம்பிச்சதை நான்தான் முடிக்கணும்."

பதிவேட்டின் அந்தப் பக்கத்திலேயே, கையெழுத்துகளின் கீழே எழுதினார். ஆணை எண் எழுபத்து மூன்றின்படி தொன்ஹுராவுக்குத் தீவாந்தரம் அனுப்பப்பட்ட இத்ரீஸ் மணிக்கு இன்று விடுதலை செய்யப்படுகிறார். அவ்வளவோடு குரல் நின்றது.

"விடுதலை ஆணைக்குன்னு ஒரு கடைசி வரி உண்டு சார். எல்லாருக்கும் எழுதறதுதான். அதையும் சொல்லிடுங்க. ஓவர்."

தாள்கள் புரளும் சத்தம். "சரி. முறைப்படியே இருக்கட்டும். எழுதிக்கோங்க." சொன்னது. கதீபு எழுதினார்.

"வடக்குத் தீவும் எழுதிக்கிச்சு. ஓவர்," என்றது செட்.

*

அவர்கள் திரும்பி வந்தபோது குளிப்பாட்டி முடித்து, வெள்ளைத் துணியில் கபனிட்டு, தூக்கிச் செல்லும் சந்தூக்கில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கற்பூர வாசனை. வேலிக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். மீன்பிடிக்கப் போன தோணிகள்கூடச் செய்தி கேட்டுத் திரும்பியிருந்தன. அரை மணி நேரத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தீவில் ரேடியோ இருந்த வீடு ஒவ்வொன்றும் அந்தச் சேனலைப் பிடித்திருந்தது.

"முறைப்படி இவரு கரையில நிக்கணும்," என்றார் கதீபு. "அவரால முடியாது. அதனால இங்கயே நாம நிப்போம்."

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். பெண்களும் எழுந்தார்கள். சாச்சி முழங்கால் வலியோடு தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சீருடைக்காரர்கள் இருவரும் தாமாகவே விறைத்து நின்றார்கள்.

கதீபு படித்தார். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. காற்று எச்சரிக்கை படிப்பதுபோல் படித்தார். ஆணை எண்ணைப் படித்தார். பெயரைப் படித்தார். 'தீவாந்தரம் அனுப்பப்பட்ட' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். கூட்டத்தில் ஒருவர் மூச்சை இழுப்பது கேட்டது. முடித்தார். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"கேட்டீரா?"

யாரும் அசையவில்லை. வெள்ளைத் துணியின் ஓரம் காற்றில் படபடத்தது. கதீபு காத்திருந்தார். பதில் வராமல் இந்த ஆணை முடியாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

எல்லாக் கண்ணும் தன்மேல் திரும்புவதை நஃபீஸா உணர்ந்தாள்.

"கேட்டாச்சு," என்றாள்.

"சத்தமா."

"கேட்டாச்சு!"

வேலிக்கு அப்பால் ஒரு கோழி சிறகடித்து ஓடியது. அவள் தலை நிமிர்ந்தே இருந்தது. தன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியாது.

கதீபு பதிவேட்டை மூடினார்.

ஷுஜாவு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்போ எடுக்கலாமா கதீபு? இன்னும் பத்து நிமிஷம்தான் தண்ணி இருக்கும்."

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? இதுவரைக்கும் அவரு என் பொறுப்பு. இப்போ விடுதலையான ஆளு. வீட்டாளுகிட்ட கேளுங்க."

ஷுஜாவு அவள் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடைசி வரிய நீங்க ஒரு தடவ படிங்க," என்றாள் நஃபீஸா.

கதீபு பதிவேட்டைத் திறந்து நீட்டினார். ஷுஜாவு வாங்கிப் படித்தார். "'விடுதலை பெற்ற இவர், தாம் விரும்பும் எந்தத் தீவிலும்...'" அங்கேயே நிறுத்திவிட்டார்.

"எந்தத் தீவுன்னு அவரு முடிவு பண்ணிப் பதினொரு வருஷம் ஆச்சு," என்றாள் அவள். "மாலேல வீடு இருந்துச்சு. கார் இருந்துச்சு. எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் இங்க வந்தாரு. அம்மாவும் இங்கதான் இருக்காங்க."

ஷுஜாவு பதிவேட்டைக் கதீபுவிடம் திருப்பிக் கொடுத்தார். முகம் மெல்லத் தளர்ந்தது.

"மேலிடத்துல என்னன்னு சொல்றது நான்?"

"விடுதலை ஆயிட்டாரு, கைக்குச் சிக்கலன்னு சொல்லுங்க," என்றாள் சாச்சி.

முதலில் சிரித்தது சீருடைக்காரர்களில் ஒருவர். அப்புறம் கூட்டம் சிரித்தது. கபனிட்ட உடலுக்கு முன்னால் சிரிக்கிறோமே என்று முதீமு, பள்ளிவாசல் இமாம், தொண்டையைக் கனைத்தார்; அவருக்கும் உதடு துடித்தது.

ஷுஜாவு கொடியை இரண்டு கையாலும் நீட்டினார். "இது? இதையும் திருப்பிக் கொண்டு போகவா?"

நஃபீஸா அதைத் தொட்டுப் பார்த்தாள். தூதராக இருந்தபோது ஒவ்வொரு வெளிநாட்டு வீட்டிலும் பப்பா காலையில் தன் கையாலேயே இதை ஏற்றுவார். வேலைக்காரர்களை விடமாட்டார்.

"போர்த்துங்க," என்றாள். "அது அவரோடது."

*

நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் சந்தூக்கைத் தூக்கினார்கள். பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. நஃபீஸா வீட்டின் பின்வாசலுக்கு வந்து நின்றாள். அங்கிருந்து கடற்கரை தெரியும். பள்ளிவாசலுக்குத் திரும்பும் பாதையும் தெரியும். கபர்ஸ்தான் பள்ளிவாசலை ஒட்டியே இருக்கிறது. நூறு எட்டு வைத்தால் போதும்.

ஆனால் அவர்கள் கரைக்கு இறங்கி வந்தார்கள். கதீபு முன்னால் நடந்தார். வற்றிய கடலில் பாரின் முதுகு வெளியே தெரிந்தது. படகு பக்கவாட்டில் சாய்ந்து மணலில் கிடந்தது. ஊர்வலம் அதைத் தாண்டி, ஈர மணலில், தீவின் ஓரத்தோடு போயிற்று.

"எங்க போறாங்க இவங்க?" சாச்சி பக்கத்தில் வந்து நின்றாள்.

"தெரியல சாச்சி."

"முதீமு என்ன பண்றாரு? சீக்கிரம் அடக்கணும்னு அவருதானே எப்பவும் கத்துவாரு?"

முதீமு நடுவில் வாயை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். சந்தூக்கின் பின்காலில் தோள் கொடுத்தவர்களில் ஷுஜாவும் இருந்தார். கால்சட்டையைத் தொடைவரை சுருட்டியிருந்தார். பழக்கமில்லாத தோள், மரம் அழுந்துவது முகத்தில் தெரிந்தது. யாரோ மாற்றிக்கொள்ள வந்தபோது தலையை அசைத்து வேண்டாம் என்றார்.

தாழைப் புதர்கள் அவர்களை மறைத்தன.

தொன்ஹுரா சின்னத் தீவு. வேகமாக நடந்தால் கால் மணியில் சுற்றிவிடலாம். நஃபீஸா நின்ற இடத்திலேயே நின்றாள். தெற்கு முனையிலிருந்து முதலில் கலிமா சொல்லும் சத்தம் வந்தது. பிறகு கொடியின் சிவப்பும் பச்சையும். பிறகு ஆட்கள். எல்லாரும் வியர்த்திருந்தார்கள்.

அவர்கள் அவளைக் கடந்தார்கள். பள்ளிவாசலுக்குத் திரும்பும் பாதை வந்தது. கதீபு ஒரு கணம் நின்று, பின்னால் திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்தார். "விடுதலையான ஆளு. அவசரம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

யாரும் பள்ளிவாசல் பக்கம் திரும்பவில்லை. நேராகவே நடந்தார்கள். முதல் சுற்றில் பதிந்த காலடிகளில் கடல் தண்ணீர் ஊறி நின்றது. அவற்றின் மேலேயே மறுபடி மிதித்துக்கொண்டு, தீவின் ஓரத்தோடு போனார்கள்.